தேநீர்க்கடை வாங்கும் தேசிய அரசியலும்

நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரசியல் யாப்புகளின் ஆண்டுகளை வரிசைப்படுத்திக்கொண்டே தொடங்குவர். 1931இல் டொனமூர், 1947இல் சோல்பரி, 1972இல் குடியரசு, 1978இல் நிறைவேற்று ஜனாதிபதி என்று வகுப்பறையிலே நாமும் அவ்வாறே கற்பித்து வருகிறோம். பரீட்சையிலே புள்ளி பெறுவதற்கு அவ்வரிசை போதுமானது. ஆனால் அந்த யாப்புகள் எந்த மனிதருக்காக எழுதப்பட்டனவோ, அந்த மனிதர் அக்காலத்திலே எங்கே அமர அனுமதிக்கப்பட்டார், எந்தப் பாத்திரத்திலே குடித்தார் என்ற விபரம் அவ்வரிசையிலே இடம்பெறுவதில்லை. யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரையில் இவ்விபரத்தை விசாரிக்கத் தக்க இடம் தேநீர்க்கடை.

பஸ் நிலையத்தையும் பெரியகடையையும் சூழ்ந்த தெருக்களிலே இன்றும் பல தேநீர்க்கடைகள் உள. பாடசாலை விட்டதும் நாமும் அவற்றுள் ஒன்றிலே ஒதுங்குவதுண்டு. அங்கே ஒரே பத்திரிகை நான்காகப் பிரிக்கப்பட்டு நான்கு மேசைகளிலே வாசிக்கப்படும். தலைப்புச் செய்தி ஒருவர் கையிலும் அதன் தொடர்ச்சி மற்றொருவர் கையிலும் இருக்குமாதலால், அரசாங்கம் கவிழ்ந்ததா நிலைத்ததா என்று அறிய அடுத்த மேசைக்காரர் வடையைத் தின்று முடிக்கும்வரை காத்திருக்கவேண்டும். சமஷ்டி, பதின்மூன்றாவது திருத்தம், ஜெனீவாத் தீர்மானம் ஆகிய யாவும் ஒரு பிளேன்ரீ ஆறுவதற்கிடையிலே தீர்த்துவைக்கப்படும். ஓட்டோ ஓட்டுபவர், வங்கி எழுதுவினைஞர், சந்தையிலே மூட்டை சுமப்பவர், ஆசிரியர் என நால்வர் ஒரே வாங்கிலே தோளுரச இருந்து, ஒரே விதமான கண்ணாடிக் குவளைகளிலே குடிக்கின்றனர். ஊரை விசாரிப்பதுபோலச் சாதியை விசாரிக்கும் யாழ்ப்பாணத்துக் கேள்வியாகிய "நீங்கள் எவ்விடம்?" என்பதை எவரும் கேட்பதில்லை, கேட்பவரும் தேநீர் வந்த பின்னரே கேட்கின்றார். இதனைச் சிறியதொரு முன்னேற்றம் என்று எண்ணுவோர் இவ்வாங்கின் வரலாற்றை அறியாதவராவர்.

இந்நூற்றாண்டின் இளைஞர் நம்பமாட்டார்கள், ஆயினும் சொல்லவேண்டும். ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தேநீர்க்கடையினுள்ளே இடமிருக்கவில்லை. கடை வாசலிலோ கோடிப்புறத்திலோ நின்று, அல்லது நிலத்திலே குந்தியிருந்து, சிரட்டையிலும் போத்தலிலும் தகரப்பேணியிலும் அவர்கள் குடிக்கவேண்டியிருந்தது. மற்றவர்க்கு மூக்குப்பேணியும் கிளாசும் வாங்கும் மேசையும் வழங்கப்பட்டன. தேயிலை ஒன்று, சீனி ஒன்று, கொதித்த கேத்தில் ஒன்று. கொடுத்த காசும் கடைக்காரரின் மேசை லாச்சியிலே மற்றக் காசுகளோடு கலந்து, தீண்டாமை இன்னதென்று அறியாமலே கிடந்தது. காசுக்கு இருந்த சமத்துவம் அதைக் கொடுத்த கைக்கு இருக்கவில்லை என்பதே அன்றைய வணிக ஒழுக்கம்.

அக்காலத்திலே நமது தலைவர்கள் அரசியல் அறியாதவர்களாக இருந்தனர் என்று எவரும் கருதிவிடலாகாது. அவர்கள் மிகுதியாகவே அறிந்திருந்தனர். 1924இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்று, முழுச் சுதந்திரத்தையும் சாதி ஒழிப்பையும் ஒருங்கே பேசிற்று. ஹன்டி பேரின்பநாயகமும் அவர்தம் தோழர்களும் 1927 நவம்பரிலே காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தனர். அடிகள் கதரைப் பற்றிப் பேசினார். தீண்டாமையைப் பற்றியும் பேசினார். கதருக்கு நிதி சேர்ந்தது. தீண்டாமைக்கு ஆசனம் மாத்திரம் இடம் மாறவில்லை. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளிலே, உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக அமரவேண்டும் என அரசாங்கம் பணித்தபோது, சைவமும் தமிழும் தழைத்த குடாநாட்டிலே சில பாடசாலைகள் தீக்கிரையாயின. தமது பிள்ளை படிக்காதிருப்பினும் பிறர் பிள்ளை வாங்கிலே இருக்கலாகாது என்று கருதிய பெரியோரும் நம் முன்னோருள் இருந்தனர்.

வாக்குரிமையின் கதையும் இதனோடு ஒத்ததே. டொனமூர் யாப்பின் கீழ் 21 வயதடைந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை கிடைத்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெருந்தலைவர் அதனை எதிர்த்தனர். ஆயினும் அது வந்தே விட்டது. வயலிலே கூலிக்கு நின்றவனும், பனையிலே ஏறியவனும், அவர்கள் வீட்டுப் பெண்களும் முதன்முதலாக வாக்களிக்கவேண்டிய ஆண்டு 1931. அவ்வாண்டிலே, டொனமூர் யாப்பு முழுச் சுதந்திரம் வழங்கவில்லை என்ற நியாயமான காரணத்தினால், வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி கோரிற்று. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளும் வெறுமையாகக் கிடந்தன. 1934இலேதான் அவை நிரப்பப்பட்டன. அவ்வாலிபர்களின் தூய்மையை நாம் ஐயுறவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக வாசலிலே நிறுத்தப்பட்டிருந்தவனுக்கு முதன்முதலாகக் கிடைத்த ஒரு கதவு, அவனைக் கேளாமலே, அவனுடைய விடுதலையின் பெயராலேயே மூன்றாண்டுகள் அடைக்கப்பட்டிருந்தது என்பதையும் வரலாற்று மாணவன் குறித்துக்கொள்ளவேண்டும்.

1940களிலே ஜீ. ஜீ. பொன்னம்பலம் ஐம்பதுக்கு ஐம்பது என்ற கணக்கைச் சோல்பரி ஆணைக்குழுவின் முன்னே வாதாடினார். பெரும்பான்மையினருக்கு அரைப்பங்கு, சிறுபான்மையினர் அனைவருக்கும் சேர்த்து அரைப்பங்கு என்பது கோரிக்கை. அவருடைய வாதத் திறமையை இன்றும் முதியோர் வியந்து பேசுவர். அதே ஆணைக்குழுவிடம் சிறுபான்மைத் தமிழர் மகாசபையும் தனது குறைகளை எடுத்துரைத்தது. சிறுபான்மையினருக்குள்ளே ஒரு சிறுபான்மை உண்டு, அதற்கும் கணக்கு வேண்டும் என்பதே அம்மகாசபையின் வழக்கு. கொழும்பிலே அரைப்பங்கு கேட்ட சமூகம் சுன்னாகத்திலே அரை வாங்கும் கொடுக்க மறுத்தது. இரண்டு கணக்கும் ஒரே கணக்கு என்பதைக் கண்டவர் அன்று மிகச் சிலரே.

சுதந்திரத்துக்குப் பின் 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழ்த் தொழிலாளரைப் பெருந்தொகையாக நாடற்றோராக்கிற்று. அதனையொட்டி எழுந்த பிளவிலே 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது. பின்னர் வந்தது 1956. அவ்வாண்டு ஜூன் மாதத்திலே தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிற்று. காலிமுகத்திடலிலே சத்தியாக்கிரகிகள் தாக்கப்பட்டனர். இடதுசாரிக் கட்சிகள் அன்று அச்சட்டத்தை எதிர்த்தே வாக்களித்தன. அவ்வாண்டுத் தேர்தலிலே பருத்தித்துறை மக்கள் கம்யூனிஸ்டான பொன். கந்தையாவைத் தெரிவுசெய்திருந்தனர். தமிழறிஞரும் பொதுவுடைமையாளருமான அவர், மொழியுரிமைக்காகப் பாராளுமன்றத்திலே உரத்துக் குரல்கொடுத்தார். மொழிக்கும் வர்க்கத்துக்கும் இடையிலே ஒன்றைத் தெரிவு செய்யவேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்பதற்கு அவர் ஒரு சான்று.

மறு ஆண்டிலே வரலாறு தன் குறும்பைக் காட்டிற்று. நமது மொழியைத் தள்ளிவைத்த அதே பாராளுமன்றம், 1957இன் 21ஆம் இலக்கச் சட்டமாகச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றிற்று. சாதி காரணமாகக் கடையிலும் உணவகத்திலும் கோயிலிலும் ஒருவனைத் தடுத்தல் குற்றமாயிற்று. தமிழனுடைய மொழிக்கு இடமில்லை என்று சொன்ன சபை, தமிழனுடைய தேநீர்க்கடையிலே தமிழனுக்கு இடமுண்டு என்று சொல்லவேண்டியதாயிற்று. இவ்விரண்டு சட்டங்களையும் அடுத்தடுத்து வைத்து நோக்கும்போது நமக்கு வெட்கமும் சினமும் ஒருங்கே தோன்றுகின்றன. எது எந்தச் சட்டத்துக்கு உரியது என்று சொல்வது எளிதன்று.

ஆனால் சட்டம் கடைக்குள்ளே தானாக நடந்து வருவதில்லை. முறைப்பாடு செய்பவன் ஒருவன் வேண்டும். அவனோ பிறர் காணியிலே குடியிருந்தான். பிறர் வயலிலே கூலி பெற்றான். பிறர் பனையிலே கள்ளிறக்கினான். பலவிடங்களில் பிறர் கிணற்றடியிலே, யாரேனும் அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்திருந்தான். பொலிஸ் நிலையத்துக்கு ஒரு முறை சென்றுவந்தால், குடியிருப்பும் கூலியும் தண்ணீரும் ஒரே நாளிலே போய்விடும். ஆகவே சட்டம் நூலிலே இருந்தது. போத்தல் கடையிலே இருந்தது. தமிழரசுக் கட்சியும் தீண்டாமை ஒழிப்பைத் தன் தீர்மானங்களிலே எழுதிவைத்தது. தீர்மானங்களுக்குக் குறைவு நமது நாட்டில் என்றும் இருந்ததில்லை.

1961 பெப்ரவரி 20ஆம் நாள் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலிலே சத்தியாக்கிரகம் ஆரம்பமாயிற்று. ஆணும் பெண்ணும் ஆயிரக்கணக்கில் வந்து, வெயிலிலும் புழுதியிலும் நிலத்திலே அமர்ந்தனர். ஏப்ரலிலே அவசரகாலச் சட்டமும் இராணுவமும் வந்து அதனைக் கலைக்கும்வரை அரச நிர்வாகம் ஸ்தம்பித்தது. அது மகத்தான எழுச்சி என்பதிலே ஐயமில்லை. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. கச்சேரி வாசலிலே நிலத்தில் ஒன்றாக அமர முடிந்த தமிழர், சந்தியிலுள்ள கடையிலே வாங்கில் ஒன்றாக அமர முடியாதிருந்தது ஏன்? நிலம் எல்லோருக்கும் பொதுவென ஒப்பப்பட்டது. வாங்குதான் சிலருக்குரியதாக இருந்தது.

இக்கட்டுரையின் மையம் 1966ஆம் ஆண்டு. அவ்வாண்டின் இரண்டு நாட்களை நமது வாசகர் ஒருங்கே நினைவிலிருத்தவேண்டுமென விரும்புகிறோம்.

முதலாவது, ஜனவரி 8. தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகளை டட்லி சேனாநாயக்காவின் அரசாங்கம் பாராளுமன்றத்திலே சமர்ப்பித்தது. தமிழுக்கு மிகச் சொற்பமான இடமளித்த விதிகள் அவை. அவற்றை எதிர்த்துக் கொழும்பிலே ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியோடு கைகோத்து நின்றவர் யார்? பத்தாண்டுகளுக்கு முன் மொழிச் சமத்துவத்துக்காகக் கல்லெறி பட்ட சமசமாஜக் கட்சியினரும், மொஸ்கோ சார்புக் கம்யூனிஸ்டுகளும் ஆவர். அன்றைய ஊர்வலத்தின் மீது பொலிஸ் சுட்டதிலே ஒரு பௌத்த பிக்கு உயிரிழந்தார். ஒரு மொழி நாட்டை இரண்டாக்கும் என 1956இல் எச்சரித்த கொல்வின் ஆர். டி சில்வா, 1972இன் யாப்பை ஆக்கிய அமைச்சரானபோது, அந்த ஒரு மொழியையே யாப்பிலே பொறித்து, பௌத்தத்துக்கு முதன்மை இடமும் வழங்கினார். இடதுசாரி என்று தம்மை அழைத்துக்கொள்ளும் எவரும் இந்நாளைக் கடந்து செல்லலாகாது.

இரண்டாவது, அக்டோபர் 21. பீக்கிங் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையிலே, தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஓர் ஊர்வலம் புறப்பட்டது. சுன்னாகத்திலேயே பொலிஸ் தடியடி நடத்திற்று. சிதறிய மக்கள் மீண்டும் திரண்டு, காங்கேசன்துறை வீதி வழியே நடந்து, முற்றவெளியிலே கூடினர். தடியடி நடத்திய பொலிஸ், தமிழரசுக் கட்சியும் பங்குகொண்டிருந்த அரசாங்கத்தின் பொலிஸ் என்பதை இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். 1967இலே தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் அமைந்தது. அதன்பின் போராட்டம் கடை கடையாக நடந்தது. அது எளிய முறை: சிலர் கடையினுள் சென்று வாங்கிலே அமர்வர், தேநீர் கேட்பர். அவ்வளவே. அதற்காக அடிபட்டனர், குடிசைகள் எரிந்தன, சங்கானை நிச்சாமத்திலே உயிர்களும் போயின. உலகிலே மனிதர் நிலத்துக்காகவும் பொன்னுக்காகவும் உயிர்விட்ட கதைகள் பல. ஒரு கிளாஸ் தேநீரை இருந்து குடிப்பதற்காக உயிர்விட்டவர்கள் நமது ஊரிலே, நமது தந்தையர் காலத்திலே இருந்தனர்.

1968இலே போராட்டம் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலை அடைந்தது. அவ்வாசலை மறித்து நின்றவருள் முதன்மையானவர் சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியராகவும் சுதந்திர இலங்கையின் முதல் மந்திரிசபையிலே வர்த்தக மந்திரியாகவும் இருந்தவர். தமிழருக்குத் தனிநாடு வேண்டும் என்று மற்றவர் நாவெழுமுன்னரே எழுதியவர். சிங்களவரோடு சமமாக இருக்கமுடியாதபோது பிரிந்து செல்வோம் என்றவருக்கு, தமிழரோடு தமிழர் சமமாக நின்று கும்பிடுவது பொறுக்கவில்லை. இதனை ஒரு தனிமனிதரின் முரண்பாடாக மட்டும் கொண்டு நகைப்பது நியாயமன்று. ஒரு சமூகம் முழுவதும் உள்ளே மறைத்துவைத்திருந்ததை அவர் வாசலிலே நின்று வெளிப்படையாகச் செய்தார், அவ்வளவே வேறுபாடு.

எனவே நிலைமை இவ்வாறிருந்தது. வாங்கைக் கண்டவருட் பலர் மொழியைக் காணவில்லை; மொழியைக் கண்டவருட் பலர் வாங்கைக் காணவில்லை. ஒடுக்கப்பட்ட தமிழனோ இரண்டினாலும் அடிபட்டான். கந்தோருக்குச் சென்றால் அவனுடைய மொழியிலே கடிதம் இல்லை. கடைக்குச் சென்றால் அவனுக்கு வாங்கில்லை. அவனுடைய வாழ்விலே இவ்விரண்டும் ஒரே காலைப்பொழுதின் அனுபவங்கள். அவற்றை இரு வேறு கேள்விகளாகப் பிரித்து, இரு வேறு மேடைகளிலே பேசியவர் அரசியல்வாதிகளே. இலக்கியம் இவ்விடயத்திலே அரசியலிலும் பார்க்க நேர்மையாக இருந்தது. கே. டானியலின் 'பஞ்சமர்' 1972இல் இப்போராட்டங்களை நாவலாக்கிற்று. டொமினிக் ஜீவா கஸ்தூரியார் வீதியிலே சிகையலங்கார நிலையம் நடத்தியவாறே, 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கினார். எந்தத் தொழிலைக் காட்டி அவரைத் தாழ்த்தினரோ, அந்தத் தொழிற்கூடத்திலே எழுத்தாளர்கள் வந்து அமர்ந்து இலக்கியம் பேசினர்.

பின்வந்த காலத்தை நமது தலைமுறை நேரிலே கண்டது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. போர் மூண்டது. இயக்கங்கள் சாதியைப் பேசுவதைத் தடுத்தன. பேசாதிருத்தலை இல்லாதிருத்தல் என்று நாமும் எண்ணிக்கொண்டோம். 1990க்குப் பின் பொருளாதாரத் தடையின்போது மின்சாரம் போயிற்று. ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிலே பிள்ளைகள் படித்தனர். சீனி கிடையாமல் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்தோம். பஞ்சம் ஒருவகைச் சமத்துவத்தைத் தந்தது. 1995 அக்டோபர் 30 இரவிலே வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, சாதிமானும் மற்றவனும் ஒரே பாலத்திலே ஒரே மழையிலே நனைந்தனர். ஆனால் மழை விட்டதும், சில கிணற்றடிகளிலே பழைய கேள்வி மீண்டும் எழுந்ததாக அக்காலத்தவர் சொல்வர்.

அதற்குச் சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1990 அக்டோபர் 30ஆம் நாள், யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் சில மணிநேர அவகாசத்திலே வெளியேற்றினர். சோனகத் தெருவின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் ஒரே நாளிலே வெறுமையாயின. அன்றுவரை நம்மோடு ஒரே வாங்கிலே தேநீர் அருந்தியவர்கள் அவர்கள். வாங்கிலே இடமில்லை என்பதிலிருந்து நகரத்திலேயே இடமில்லை என்பது வரையில் ஒரே தருக்கந்தான் நீண்டு செல்கிறது. தனக்கென்று ஓர் இடம் கேட்டுப் போராடியவர், அந்த இடத்திலே வேறு எவர் இருக்கலாம் என்ற கேள்விக்கு விடைசொல்லாமலே போராடியதன் பயன் அது.

இன்று நிலைமை மாறிவிட்டது என்று நண்பர் சிலர் நம்மைத் தேற்றுகின்றனர். மாறியது உண்மையே. வாங்கு மாறியது, அது சிறு வெற்றியன்று. ஆனால் 2018இலே வரணியில் ஒரு கோயிலிலே, ஒடுக்கப்பட்டோர் வடம் பிடிப்பதைத் தவிர்ப்பதற்காகத் தேரை மண்வாரி இயந்திரத்தைக் கொண்டு இழுத்தனர் என்ற செய்தியைப் பத்திரிகைகளிலே வாசித்தோம். விஞ்ஞானத்தை நமது சமூகம் வரவேற்பதில்லை என்று இனி எவரும் குறைகூற முடியாது. 2022இன் நெருக்கடியிலே பால்மா அருகி, கடைகளிலே பால்தேநீர் மறைந்து, பிளேன்ரீயே அனைவர்க்கும் பொதுவாயிற்று. எரிபொருள் வரிசையிலே தெற்கும் வடக்கும் ஒரே வெயிலிலே நின்றன. 2024 நவம்பர் தேர்தலிலே, தெற்கை அடித்தளமாகக் கொண்ட தேசிய மக்கள் சக்தி யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைப் பெற்றது. அன்று தேநீர்க்கடையிலே சிலர் தமிழ்த் தேசியம் செத்துவிட்டது என்றனர். சிலர் இனப்பிரச்சினையே தீர்ந்துவிட்டது என்றனர். இரு சாராரும் தத்தம் தேநீரை ஊதி ஆற்றிக்கொண்டிருந்தனர். நமக்கோ, பழைய குருட்டுத்தனங்கள் இரண்டும் புதிய சட்டை அணிந்து மீண்டும் எதிரெதிரே அமர்ந்திருப்பதாகவே தோன்றிற்று.

ஆசிரிய நண்பர்களுக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. 1966 ஜனவரி 8ஐத் தமிழ்த் தேசியத்தின் பாடத்திலும், 1966 அக்டோபர் 21ஐச் சமூக சீர்திருத்தத்தின் பாடத்திலும் தனித்தனியே கற்பிக்கும் வழக்கத்தைக் கைவிடுவோம். இரண்டையும் ஒரே பாடவேளையிலே, ஒரே கரும்பலகையிலே எழுதுவோம். நம்மிடம் படிக்கும் பிள்ளைகளுள் அவ்விரு நாட்களாலும் அடிபட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கின்றனர். எந்த வாங்கிலே இருக்கின்றனர் என்று நாம் அறியோம், அறியவேண்டியதும் இல்லை. அவர்கள் கேட்கப்போகும் கேள்விகளுக்கு விடைசொல்ல நாம் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.